ஏலும்

அந்தத் துண்டை அவள் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்து, கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு, பையை ரப்பர் வளையத்தால் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். மழையில் நனையக்கூடாது என்ற கவனம். தெல்லிப்பழையில் எங்கள் ஒழுங்கையில் நான்காவது வீடு அவளுடையது. தையல் வேலைக்குப் போகிறவள். ஊருக்குத் திரும்பிய புதிதில் ஒரு பற்றைக் காணியைத் துப்புரவாக்கப் போன இடத்தில், மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

“அண்ணை, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ” என்றாள்.

ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இலகுவான வேலை கொடுக்கவும். கீழே கையொப்பம், முத்திரை, திகதி. எழுதிய வைத்தியர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். வெளியே வாங்குகளில் அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு ஒரு வரிக்கு மேல் எழுத நேரம் ஏது? அந்த வரியை அவள் ஏற்கெனவே வேலைத்தலத்தில் காட்டிவிட்டாள். “இஞ்சை லேசான வேலை எண்டு ஒண்டும் இல்லை, வீட்டிலை இருந்து சுகமாக்கிக்கொண்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். போன கால் எப்படிச் சுகமாகும் என்று அவள் அங்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

அவள் வேலையைப் பற்றி அதுவரை நான் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்கக் கேட்கத்தான் விளங்கியது, அவளுக்கு இலகுவான வேலை தேவையே இல்லை என்று. தைப்பதில் அவள் கெட்டிக்காரி. கழுத்துப்பட்டி பிடிப்பதில் அங்கே அவளுக்கு நிகர் யாரும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மெசினின் பெடல் வலது பாதத்துக்கு நேரே இருக்கிறது. பொய்க்காலுக்கு உணர்வில்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்று ரப்பர்ப் பாதம் சொல்லாது. மோட்டர் பூட்டிய மெசின் ஒரு மிதியில் பாய்ந்துவிடும், விரலோ ஊசிக்குப் பக்கத்தில். பெடலை இடப்பக்கம் தள்ளிவைப்பது மெசின் திருத்துகிறவருக்கு ஒரு சின்ன வேலை. ஸ்டூலும் பதிவு. பதிவான இருக்கையில் முழங்கால் கூடுதலாக மடங்கும். காலை நுழைக்கும் குவளையின் பின்விளிம்பு தொடைக்குக் கீழே வெட்டிக்கொண்டே இருக்கும். அதோடு வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் குவளைக்குள் வியர்வை ஊறி, தோல் உராய்ந்து, கொப்புளமாகும். காலையில் இறுக்கமாக நின்ற குவளை பின்னேரம் தளரும். அப்போது காலைக் கழற்றி, துடைத்து, இன்னொரு சொக்ஸ் போட்டு மாட்டவேண்டும். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, பத்துப் பத்து நிமிடம். அதைச் செய்ய ஒரு மறைப்பு. மலசலகூடம் முற்றத்தின் மறுகோடியில் இருப்பதால் அதற்குக் கிட்டிய மெசினில் அவளை இருத்தினால் நடையும் மிச்சம்.

இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட அந்தத் துண்டில் இல்லை.

வேலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் பார்ப்பதற்கென்றே ஒரு வைத்தியர் வகை உலகத்தில் இருக்கிறது. தொழில்சார் மருத்துவர். உடற்பயிற்சியும் கைப்பழக்கமும் சொல்லித்தரும் தொழில்வழிச் சிகிச்சையாளர் வேறு, இவர் வேறு. நோயாளியைக் கட்டிலில் பார்ப்பதோடு நிற்காமல் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய், எதைத் தூக்குகிறார், எதில் இருக்கிறார், எத்தனை மணிக்குக் களைக்கிறார் என்று பார்த்து, இந்த மனிதர் இந்த வேலையை எப்படிச் செய்யலாம் என்று எழுதித் தருகிறவர். யாழ்ப்பாணத்துக் கிளினிக் பலகைகளில் இந்தப் பெயரை நான் கண்டதில்லை. ஆனால் தொழில் பழையது. இத்தாலியில் பெர்னார்டினோ ரமாசீனி என்ற வைத்தியர் 1700-இல் தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்து வைத்தியர் நோயாளியிடம் கேட்டுவந்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகிற வைத்தியர் பொன்முலாம் பூசிய கதிரையைத் தேடாமல் முக்காலியில் என்றாலும் இருந்து ஆறுதலாக விசாரிக்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த முக்காலியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வைத்தியரும் தொழிலாளியும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அந்த இருக்கை பதிவா உயரமா என்ற பேச்சே வரும்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ஏலாது’ என்ற சொல்லைப் போல அதிகம் புழங்கும் சொல் குறைவு. இயலாது என்பதுதான் வாயில் தேய்ந்து ஏலாது ஆனது. காய்ச்சல் என்றால் ஏலாது. களைப்பென்றால் ஏலாமல் கிடக்கு. ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒருவனை ஒதுக்கவேண்டும் என்றால் ‘ஏலாவாளி’. கால் இழந்தவரை, கண் தெரியாதவரை, மனம் குழம்பி மருந்து எடுப்பவரை எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் தள்ளிவிட எங்களுக்கு ஒரு நிமிடம் போதும். அங்கவீனர் என்றார்கள், வலுவிழந்தோர் என்றார்கள், விசேட தேவைக்குட்பட்டோர் என்றார்கள், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறார்கள். பெயர் மாறிக்கொண்டே வருகிறது. அவர்கள் அதே வாங்கில் இருக்கிறார்கள். ‘ஏலும்’ என்ற சொல்லும் இதே பேச்சில்தான் இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. இன்னொன்று: ஏல் என்ற வினைக்குப் பொருந்துதல் என்ற பொருளும் தமிழில் உண்டு, ஏற்ற வேலை என்கிறோமே, அது. ஒருவரால் ஏலும் என்பதும் ஒருவருக்கு ஏற்றது என்பதும் ஒரே ஓசையில் ஒலிக்கின்றன. தொழில்சார் மருத்துவரின் வேலை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சட்டம் ஒன்றும் இல்லாத நாடில்லை இது. 1988-இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி வேலையில் எவருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016-இல் உறுதிப்படுத்தியது. 2012 குடிசன மதிப்பீட்டில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதம் பேர் பார்வையிலோ கேள்வியிலோ நடையிலோ வேறெதிலோ ஒரு சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சுற்றறிக்கையில் ஒரு நிபந்தனை உண்டு: தகைமை இருக்கவேண்டும், வலுவிழப்பு கடமைக்கு இடையூறாக இருக்கக்கூடாது. எல்லாம் வந்து இந்த ‘இடையூறு’ என்ற சொல்லில் நிற்கிறது. இடையூறா இல்லையா என்று யார் சொல்வது? நியமனத்துக்கு முன் செய்யும் வைத்தியப் பரிசோதனை. அங்கே இருக்கிற வைத்தியர் அந்தக் கந்தோரின் படிகளைக் கண்டவரா, மேசையைக் கண்டவரா? இரத்த அழுத்தம் பார்த்து, கண் பார்த்து, சிறுநீர் பார்த்துவிட்டு, காணாத வேலைக்குக் காணாத இடத்தில் இருந்து அவர் தீர்ப்பு எழுதவேண்டியிருக்கிறது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பேனையின் ஒரு இழுப்பில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது.

இன்னும் பழைய சட்டம் ஒன்று, 1934-ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அதன் அட்டவணையில் உடலின் பாகங்கள் வரிசையாக இருக்கும். பெருவிரல் போனால் இத்தனை வீதம், கண் போனால் இத்தனை வீதம். நட்டஈடு கணக்கிட அப்படி ஒரு பட்டியல் வேண்டும்தான். ஆனால் தையற்காரியின் பெருவிரலும் காவற்காரரின் பெருவிரலும் அந்த அட்டவணைக்கு ஒன்று. தொழிலைக் கேட்டால்தான் விரலின் விலை தெரியும்.

இந்த இடத்தில் வேலூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் வைத்தியர். 1954 சனவரியில் ஒரு வாகன விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து, அதற்குப் பிறகு கால்கள் அசையவில்லை. அவருக்கு அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அங்கே தொழுநோயாளரின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த போல் பிராண்ட் வேறு மாதிரி யோசித்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர் கைகளை நிமிர்த்தினார். பிறகு அமெரிக்காவில் புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமாக இருந்தார். 1986-இல் காலமானார்.

பிராண்ட் செய்ததை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அசையாத காலை வைத்து அவர் ஒரு முடிவுக்கும் வரவில்லை. வேலையைப் பார்த்தார். அந்த வேலைக்குக் கால் எதற்கு என்று கேட்டார். தன் நோயாளிகளிடமும் அதையேதான் செய்தார். நிமிர்த்திய கைகளோடு போனவர்கள் பிழைப்புக்கு வழியில்லாமல் தவித்ததைக் கண்டு அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பும் தச்சுப்பட்டறையும் அமைத்தார்கள். அங்கே ஒரு பெரிய உண்மை தெரியவந்தது. தொழுநோயில் உணர்ச்சி செத்த கைக்கு எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று தெரியாது. சுத்தியலை, உளியை அளவுக்கு மீறி இறுக்கும்; தோல் கிழியும்; நோவு இல்லாததால் நிறுத்தாது. விரல்கள் நோயால் மட்டும் தேயவில்லை, நோவில்லாத வேலையாலும் தேய்ந்தன. அதனால் ஆயுதங்களின் பிடிகளை மாற்றினார்கள். வேலையைப் பட்டறையில் நின்று பார்த்ததால்தான் அவர்களுக்கு இது பிடிபட்டது. எங்கள் ஒழுங்கைப் பெண்ணின் ரப்பர்ப் பாதம் பெடலில் படும்பாடும் இதுவேதான்.

அந்த ரப்பர்ப் பாதத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் அதிகம் படிக்காத ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், பி. கே. சேத்தி என்ற எலும்புச் சிகிச்சை வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியது. மேல்நாட்டிலிருந்து வந்த செயற்கைக் கால் சப்பாத்துக்குள் போடத்தான் நன்று. சம்மணம் கொட்டி இருக்க விடாது, குந்த விடாது, சேற்றில் இறங்க விடாது. கமக்காரனுக்கு அது காலே இல்லை. வல்கனைஸ் செய்த ரப்பரில் வளையும் பாதம் செய்ததும், வெறுங்காலோடு வயலில் இறங்கும் ஒருவருக்கு அது காலாகியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் என்று நாங்கள் சொல்லும் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. போர்க் காலத்திலும், பிறகும், அங்கே கால் அளந்து செய்து போட்டவர்கள்தான் எங்களுக்குக் கிடைத்த தொழில் மருத்துவத்தின் பாதி என்று சொல்வேன். வலிகாமத்துச் செம்மண்ணில் வரம்பு ஏறி இறங்கி, புகையிலைக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கு எப்படிப்பட்ட கால் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்கமுடியாது. 2011-இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த பணத்தில் இங்கே புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கட்டடம் எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாய் நடந்த நடை அது. வடக்கின் பல மூலைகளிலிருந்து பெண்கள் பஸ் ஏறி இங்கே வருகிறார்கள். மார்பும் கமக்கட்டின் நிணநீர்க் கணுக்களும் அகற்றிய பெண்ணுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். அதனால் காலங்காலமாக வைத்தியர்கள் சொல்லி வந்தது: பாரம் தூக்கப்படாது. உலகம் முழுவதும் அப்படித்தான் சொன்னார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கை வீங்கியிருந்த பெண்களுக்கே கவனமான மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் தூக்கப் பழக்கிப் பார்த்தார்கள். வீக்கம் கூடவில்லை, அது மோசமாகும் தருணங்கள் குறைந்தன, கை பலத்தது. எத்தனை ஆண்டு, எத்தனை பெண்கள் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி மண்வெட்டியை மூலையில் சாத்திவைத்திருப்பார்கள்! தோட்டத்தை விட்டவர்கள், குடம் தூக்க இன்னொருவர் கையை எதிர்பார்த்தவர்கள். நல்லெண்ணத்தில் சொன்ன ‘ஏலாது’ அது. பழக்கினால் ஏலும் என்பதைச் சோதித்துப் பார்க்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

அதே வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. போர் மனங்களில் விட்ட காயங்களைப் பற்றி எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் பணிபுரிந்த இடம். கொழும்பில் மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற ஊர்ப் பெயர் வசைச்சொல்லானது போல, எங்கள் ஊர்ப் பெயரையும் சிலர் அப்படிச் சொல்லிச் சிரிக்கக் கேட்டிருக்கிறேன், நெஞ்சு வலிக்கும். கால் இல்லாதவருக்கு ஸ்டூலை உயர்த்தலாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு எதை உயர்த்துவது? இருக்கிறது. பேக்கரியில் இரவு வேலை செய்யும் ஒருவருக்கு நித்திரை கெட்டால் நோய் திரும்பும். பகல் வேலைக்கு மாற்றினால் அவர் வருடக்கணக்கில் சுகமாக இருப்பார். இரவு மாத்திரை காலையில் கிறங்க வைக்கும் என்றால் ஒரு மணி நேரம் பிந்தி வரலாம். மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போக விடவேண்டும். முதலாளி முதலில் கேட்பது, “என்ன வருத்தம்?” என்பதுதான். இங்கேதான் தொழில்சார் மருத்துவத்தின் ஆகப் பெரிய நெறி வருகிறது. நோயின் பெயர் நோயாளிக்கும் வைத்தியருக்கும் சொந்தம். வேலைத்தலத்துக்குப் போகிற கடிதத்தில் இருக்கவேண்டியது இவரால் எது ஏலும், என்ன மாற்றம் தேவை என்பது மட்டுமே. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், மாமியின் பெறாமகன் கந்தோரில் கிளாக்காக இருக்கிற ஊரில், இந்த நெறி உயிரைப் போன்றது. நோயின் பெயர் தெரிந்தவுடன் பறிபோன வேலைகளையும் குழம்பிய கலியாணப் பேச்சுகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

மற்ற நாடுகளில் எப்படி? யப்பானில் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு தொழில் மருத்துவர் இருக்கவேண்டும் என்பது சட்டம்; வேலைத்தலத்தைச் சுற்றிப் பார்ப்பது அவருடைய கடமை. பிரித்தானியாவில் 2010 ஏப்ரலில் வைத்தியச் சான்றிதழையே மாற்றினார்கள். முன்பு அதில் வேலைக்குப் போகவேண்டாம் என்றுதான் எழுதலாம். இப்போது, இன்ன மாற்றத்தோடு போகலாம் என்று எழுதவும் இடம் உண்டு: படிப்படியாகத் திரும்புவது, நேரத்தை மாற்றுவது, கடமையை மாற்றுவது, வேலைத்தலத்தைத் திருத்துவது. நான்கு சின்னப் பெட்டிகள். இதற்கு யந்திரமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். ஒரு தாளை வேறு மாதிரி அச்சடித்தால் போதும்.

ஆனால் 50 பேர் என்ற கணக்கு எங்களுக்கு உதவாது. 1950-இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990-இல் நின்றது. அந்த வருடமே நாங்களும் ஊரைவிட்டு ஓடினோம். இருபது வருடத்துக்குப் பிறகு கட்டம் கட்டமாகத் திரும்பியபோது வேலைகள் சிதறிக் கிடந்தன: தோட்டம், தச்சு, தையல், மா அரைக்கும் ஆலை, ஓட்டோ, கடல். பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளிக்கு முதலாளியே இல்லை. அவர் யாரிடம் துண்டைக் கொண்டுபோய்க் காட்டுவார்?

அதற்கும் வழி எங்கள் கையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் ஒரு பழக்கம் உண்டு: சுகாதாரம் வீட்டுக்கு வரும். குடும்பநல உத்தியோகத்தர் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து பிள்ளையை நிறுத்து, தாயின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமத்திப் பார்த்துவிட்டுப் போகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கடமைகளில் தொழிலிடச் சுகாதாரமும் ஒன்று. பிள்ளையின் நிறையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற சேவை, ஒரு தாயின் ஸ்டூலைப் பார்க்க அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகமுடியாதா? கண் தெரியாத பிள்ளைகளைப் படிப்பிக்கும் வாழ்வகம் பக்கத்தில் சுன்னாகத்தில் இருக்கிறது. கேளாத பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை. படிப்பித்து வாசல்வரை கொண்டுவந்து விடுகிறோம். அந்த வாசலுக்கு அப்பால், முதல் சம்பளம் வரைக்குமான தூரத்தில் கூட நடக்க ஒருவர் வேண்டும்.

அன்றிரவு நானும் அவளும் ஒரு தாளில் எழுதினோம். நோவு பற்றி ஒன்றும் எழுதவேண்டாம் என்றாள். பெடல், ஸ்டூல், பத்து நிமிடம் இரண்டு தரம், மறைப்பு, எந்த மெசின் என்று ஐந்து வரி. அவள் சொல்ல நான் எழுதினேன். இரண்டு முறை நிறுத்தித் திருத்தினாள். ‘தயவுசெய்து’ என்று நான் போட்டதை வெட்டச் சொன்னாள். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். இந்த முறை வேறு வைத்தியர், தலை நரைத்தவர். தாளை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். வெளியே நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பேனையைத் திறந்தார், எழுதவில்லை.

“இப்ப இருக்கிற ஸ்டூல் எவ்வளவு உயரம், பிள்ளை?”

அவள் கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தாள். அளந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு, அதற்கு மேலே நீல நூலால் இன்னொன்று.

“பதினேழரை அங்குலம், டொக்டர். இருபது வேணும்.”